புருவம் சொன்னால் செல்லாது

வடதுருவப் பனிநிலத்தில் வாழும் எங்கள் இனுயிட் மக்களிடையே துக்கம் அளவுக்கு மீறியிருப்பதாகத் தெற்கே தலைநகரில் நீண்ட ஆலோசனைக்குப் பிறகு கண்டுபிடித்தார்கள். பிள்ளைகளை அடக்கம் செய்து செய்து எங்களுக்கு அது முன்பே தெரியும். என்றாலும் அரசாங்கம் சொன்னால்தானே எதுவும் உண்மை. உடனே மார்னி அம்மையார் என்ற மனநல ஆலோசகரை விமானத்தில் அனுப்பிவைத்தார்கள். நல்லவர். அவருக்கு முன்பிருந்தவர் எங்கள் பெயர்களைச் சரியாகச் சொல்லத் தொடங்கியதும் மாற்றலாகிப் போயிருந்தார்.

ஷியோஜுக் தன் தம்பி ஐபிலியை அம்மையாரிடம் அழைத்துப் போனாள். வசந்தத்தில் உயிர் நண்பனைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தவன் அவன். அதன் பிறகு சீல் வேட்டைக்குப் போவதில்லை, சாப்பாட்டைச் சரியாகத் தொடுவதில்லை. இவனும் போய்விடுவானோ என்று அக்கா பயந்தாள். ரகசியம் காக்கும் விதிப்படி அவளை வெளியே உட்காரவைத்தார்கள்.

சற்று நேரத்தில் தம்பி வெளியே வந்தான்.

"என்னடா கேட்டாங்க?"

"சாகணும்னு தோணுதான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன்."

"அதுக்கு?"

"ரொம்ப நல்லதுப்பான்னு கைகுடுத்தாங்க."

எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு யாரும் வாயைச் செலவழிப்பதில்லை. புருவத்தை உயர்த்துவோம், அவ்வளவுதான். ஐபிலியும் அப்படித்தான் உயர்த்தியிருந்தான். இப்படியும் ஓர் எண்ணமா என்று பையன் திகைத்துப் போனதாகவும், ஆகவே ஆபத்து ஏதுமில்லை எனவும் அம்மையார் முடிவு செய்திருந்தார்.

ஷியோஜுக் உள்ளே போய் விளக்கியதும் அம்மையாரின் முகம் வெளுத்துவிட்டது. மெய்யாகவே பதறித் தலைநகருக்கு எழுதினார். புருவம் முதலிய உறுப்புகள் அளிக்கும் பதில்களை ஏற்பது குறித்துக் குழு அமைக்கப்படும் என்றும், அதுவரை சம்பந்தப்பட்டவர் வாய்மொழியாகத் துயரப்பட வேண்டும் என்றும், இடைக்கால நிவாரணமாக விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்று நடத்தலாம் என்றும் பதில் வந்தது. ஷியோஜுக் எந்தக் குழுவுக்கும் காத்திராமல் தம்பியை விட்டு நகராமல் இருந்தாள்.

கூட்டத்துக்கு ஊரே திரண்டது. தேநீரும் பொரித்த ரொட்டியும் உண்டென்று அறிவித்திருந்தார்கள். மனம்விட்டுப் பேசுவது எப்படி என்று அம்மையார் படம் போட்டுக் காட்டினார். நாங்களோ புருவக் கதையைச் சொல்லிச் சொல்லி அரசாங்கத்தைக் கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்தோம். கடைசி வரிசையில் ஐபிலியின் பக்கத்தில் அவன் அக்காவைத் தவிர யாருமில்லை.

ஷியோஜுக் எழுந்தாள்.

"அவங்களுக்காவது நம்ம பழக்கம் தெரியாது. உங்கள்ல யாராவது இவன்கிட்ட அந்தக் கேள்விய ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

கூடம் முழுக்க மூக்குகள் சுருங்கின. எங்களிடம் இல்லை என்பதற்கு அதுதான். என் மூக்கும் சுருங்கியது.

அம்மையார் புருவம் வரைக்கும்தான் கற்றிருந்தார். கூடத்தில் ஏதோ நாற்றம் போலிருக்கிறது என்று சன்னல்களையெல்லாம் திறக்கச் சொன்னார். பனிக்காற்று பாய்ந்து வந்தது. ஐபிலி நடுங்கினான். அப்போதுதான் நாங்கள் நாலைந்து பேர் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு போய் அவனை ஒட்டி உட்கார்ந்தோம். குளிருக்காக என்றுதான் சொல்லிக்கொண்டோம்.