ஒரு காசு பிசகாத பெட்டி

"நாலாயிரத்து ஐநூறு எங்கே போச்சு?" என்று கண்ணாடிக்கடைக்காரர் புது மடிக்கணினியைக் கேட்டார். அது வாயைத் திறக்கவில்லை. மனைவிதான் திறந்தாள்.

"மணி ரெண்டாச்சுங்க. அஞ்சு மணிக்குள்ள ஆஸ்பத்திரியில லெட்டரைக் குடுக்கணும். இன்னிக்குத்தான் கடைசி நாள்."

அவள் நர்ஸ். இரண்டு வருஷம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்து மேலே படிக்க வேண்டும் என்பது அவளுடைய பத்து வருஷத்து ஆசை. விடுப்புக் கடிதத்தை உறையில் போட்டுத் தயாராக வைத்திருந்தாள். "சேமிப்பு ரெண்டு வருஷம் தாங்கும்னு கணக்கு சொன்னா, நானும் சரின்னு சொல்றேன்" என்று கணவர் வாக்குக் கொடுத்திருந்தார். கணக்கோ வங்கி அறிக்கையோடு ஒட்டுவேனா என்றது.

"எல்லாம் இந்த வெள்ளைப் பெட்டியால வந்த வினை. பழைய கம்ப்யூட்டர்ல இதே புரோகிராம் எப்படி ஓடிச்சு தெரியுமா?"

தெரியும். தெருவுக்கே தெரியும். மூக்குக்கண்ணாடி வாங்க வருகிறவர்கள், கடைச் சுவரில் உள்ள எழுத்துகளைப் படித்து முடிப்பதற்குள் பழைய கம்ப்யூட்டரின் புகழையும் கேட்டு முடித்திருப்பார்கள். பதினோரு வருஷம்! வீட்டு பில்களை முந்தின ராத்திரியே அடித்து வைத்துவிட்டு, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டிக்கொண்டு வந்து, குளித்துவிட்டு, அவர் அதன் முன் உட்காருவார். ஒரு பொத்தானைத் தட்டுவார். 'கணக்கு பொருந்துகிறது' என்று பச்சை எழுத்தில் வரும். ஒரு காசு பிசகியதில்லை. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். "எழுதினவன் கைக்குத் தங்கக் காப்புப் போடணும்" என்பார்.

மூன்று மாதத்துக்கு முன் மைத்துனன் இந்த மடிக்கணினியைப் பரிசாகக் கொடுத்தான். பழையது பரணுக்குப் போயிற்று. புதுசிலும் அதே கம்பெனி, அதே கணக்குப் புரோகிராம். ஆனால் புது ரகக் கம்ப்யூட்டருக்கென்று தனியாக எழுதியது. பழையதில் இருந்த வசதிகளில் பாதியைக் காணோம். இணையத்தில் ஊர்ப்பட்ட பேர் அதைத் திட்டித் தீர்த்திருந்தார்கள். அவர் விரலை வைத்தால்தான் திறக்கும் என்கிற பிகு வேறு. திறந்தால் மூன்று மாதமும் சிவப்பு எழுத்து.

"பில்லை நான் படிக்கட்டுமா? இல்லேன்னா கண்ணாடியாவது போட்டுக்கங்க" என்றாள் மனைவி.

"எனக்கெதுக்குக் கண்ணாடி? ஊருக்கே கண்ணு பார்க்கிறவன் நான்."

முதல் வைத்தியமாக, வித்தியாசத்தைச் சரிக்கட்ட ஒரு பதிவு போட்டார். கழிக்க வேண்டியதைக் கூட்டிவிட்டார். நாலாயிரத்து ஐநூறு ஒன்பதாயிரம் ஆனது.

"பார்த்தியா! பழையதுல நானே தப்புப் பண்ணினாலும் அது விடாது."

அடுத்து, வங்கி அறிக்கையை அப்படியே உள்ளே இழுக்கச் சொன்னார். இழுத்தது. எல்லாம் இரண்டிரண்டாக நின்றன. மூன்று மாதத்தில் ஆறு வாடகை. பல் டாக்டர் பில்படி ஒரே பல்லை அவர் இரண்டு தடவை பிடுங்கியிருந்தார்.

உதவி மையத்துக்குப் போன் போட்டார்.

"'இரட்டைப் பதிவை நீக்கு'ன்னு மேல இருக்கும் சார். அதை அமுக்குங்க" என்றாள் அங்கிருந்த பெண்.

அமுக்கினார். ஒரே தொகையாக இருந்தவற்றையெல்லாம் அது கூண்டோடு வழித்தது.

"ஐயையோ, உன் சம்பளம் மொத்தமும் போயிடுச்சு!"

"நான் இன்னும் லீவே போடலையே!" என்றாள் மனைவி.

"பழைய கம்ப்யூட்டர்ல இருந்தது கேட்டுட்டுத்தான் அழிக்கும்மா" என்று அவர் போனில் குமுறினார்.

"ஆமா சார். அது நல்ல வெர்ஷன்" என்று உதவி மையத்துப் பெண்ணும் பெருமூச்சு விட்டாள்.

மணி மூன்று. அவர் ஏணியைப் போட்டுப் பரணில் ஏறிப் பழைய கம்ப்யூட்டரை இறக்கினார். மாமியார் துணியோடு வந்தார். அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். மகள் வீட்டோடு இருக்கிறார். பேச்சை அளந்துதான் செலவழிப்பார்.

"துடைக்கிறேன்னு எதையாவது அமுக்கிடாதீங்க அத்தை" என்றார் அவர். பதினோரு வருஷமாகச் சொல்லும் எச்சரிக்கை அது.

பழைய கம்ப்யூட்டர் இருமிக்கொண்டே எழுந்தது. கண்ணாடிக்கடைக்காரர் சமையலறைக் கம்பியில் குத்தியிருந்த மூன்று மாதத்து பில்களை எடுத்துவந்து, கண்களை இடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்தார். மூன்றே முக்காலுக்குப் பொத்தானைத் தட்டினார்.

சிவப்பு. வித்தியாசம் ஐயாயிரத்து ஐம்பது.

அவர் கம்ப்யூட்டரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "பரண்ல கிடந்து இதுக்கும் புத்தி கெட்டுப்போச்சு" என்றார். அப்புறம் மனைவி முகத்தைப் பார்க்காமல், "அடுத்த வருஷம் பார்த்துக்கலாமாம்மா?" என்றார்.

அவள் உறையை மெதுவாக மேசைமேல் வைத்தாள். அவளுடைய கண் கலங்கியதைப் பார்த்தபோது அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

"மாப்பிள்ளை, கொஞ்சம் எழுந்திரிங்க" என்றார் மாமியார்.

அவர் எழுந்தார். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கம்பியிலிருந்த பில்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார், அங்கங்கே நின்றார், இரண்டே விரலால் தட்டினார். தயக்கம் என்பதே இல்லை. இருபது நிமிஷம் ஆகியிருக்கும். கடைசியில் பொத்தானையும் அவரே தட்டினார்.

'கணக்கு பொருந்துகிறது.' பச்சை எழுத்து. சேமிப்பு இரண்டு வருஷத்தைத் தாங்கி, நாலு மாதத்துக்கு மிச்சமும் இருந்தது.

"சரி சரி, ஓடு!" என்று கண்ணாடிக்கடைக்காரர் கத்தினார். மனைவி உறையோடு பறந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாளா என்பதுகூடச் சந்தேகம்தான்.

அவர் பழைய கம்ப்யூட்டரைப் பாசத்தோடு தடவினார். "பார்த்தீங்களா அத்தை, என்ன இருந்தாலும் பழசு பழசுதான்! ஆமா, நீங்க இப்ப என்ன பண்ணினீங்க?"

மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாசாமாசம் நீங்க முடி வெட்டிக்கப் போற நேரத்துல பண்றதைத்தான் மாப்பிள்ளை, எட்டையெல்லாம் மூணுன்னு அடிச்சு வச்சிருப்பீங்க, திருத்தி வைப்பேன். புதுசுதான் உங்க விரலைக் கேட்டு என்னை உள்ளேயே விடமாட்டேங்குதே!"