ரோபோவுக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் சக்கரம் உள்ள எதுவும் எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் முதல் ஓட்டம் ஓடியதில்லை. அப்பா எங்கள் ஊர் யட்டவத்தையிலிருந்து மாத்தளைக்குப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வேன், தம்பியின் சைக்கிள், அம்மாவின் தையல் மெஷின் (அதற்கும் ஒரு சக்கரம் இருக்கிறதாம்), எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்த பிறகுதான் தொட விடுவார். அந்த வரிசையில் என் ரோபோவும் சேரும் என்று நான் யோசிக்கவே இல்லை. பொறியியல் மூன்றாம் வருடம் வேறு; யோசிக்கிற வேலையெல்லாம் முடிந்துவிட்டது என்ற நினைப்பு.

ஜப்பானில் ஓர் ஆய்வுகூடம் கோடை விடுமுறையில் வெளிநாட்டு மாணவர்களை ரோபோ ஆராய்ச்சிக்கு அழைத்துக்கொள்கிறது. டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. (மாத்தளையில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. மிளகு காய்கிற வெயில், காயாத வெயில், அவ்வளவுதான்.) கடைசிச் சுற்று நேர்முகம், வீடியோவில். அவரவர் செய்த ரோபோவை ஓட்டிக் காட்ட வேண்டும். வேன் வருமானத்தில் நான் கடல் தாண்ட முடியாது. மூன்றாம் வருடத்தாருக்கு மட்டும் என்பதால், இது தவறினால் அடுத்த வருடம் விண்ணப்பிக்கும் தகுதியும் இல்லை.

என் ரோபோ மிளகு கிளறும். படங்கு விரிப்பில் காயும் மிளகின் மேல் உருண்டு, பின்னால் உள்ள சீப்புப் பற்களால் கிளறிக்கொண்டே போகும். ஓரத்துப் பலகையைக் கண்டால் பின்வாங்கித் திரும்பும். பலகையைக் காண்பது நெற்றியில் இருக்கும் சென்சர், புளியங்கொட்டை அளவு கறுப்புக் கண்.

நேர்முகத்தன்று முற்றத்துப் படங்கில் ரோபோவை நிறுத்திவிட்டு நான் தலைவாரப் போன இடைவெளியில் அப்பா தன் கடமையை முடித்திருந்தார். எலுமிச்சம்பழம் சக்கரத்தைவிடப் பெரிதாக இருந்ததால் பிஞ்சுகளாகத் தேடிப் பறித்து முன்சக்கரங்களுக்கு அடியில் வைத்திருந்தார். பார்த்துப் பல்லைக் கடித்தேன். அதற்குள் அழைப்பு வந்துவிட்டது. ரோபோவின் முகம் வேலிப் பக்கம் இருந்ததால் பொட்டை நான் பார்க்கவில்லை.

திரையில் அந்த ஆய்வுகூடத்தின் பேராசிரியை வணக்கம் சொன்னார். சுவிட்சைப் போட்டேன். ரோபோ எலுமிச்சையைத் தொடவே இல்லை. பின்னால் வந்தது. நின்று, யோசித்து, இன்னும் பின்னால் வந்தது. முதுகில் அதற்குக் கண் கிடையாது. பலகையைத் தள்ளிச் சாய்த்து, மிளகில் பாதியை வாரிக்கொண்டு முற்றத்தில் இறங்கியது.

வாகனம் ரிவர்ஸில் வந்தால் அப்பாவின் கை சும்மா இருக்காது. ஓடிப்போய்ப் பின்னால் நின்று, "எண்ட, எண்ட... ஹரி, ஹரி..." என்று கையாட்டினார். ('வா, வா... சரி, சரி'தான். பின்னால் வரும் எந்த வாகனத்துக்கும் சிங்களம்தான் புரியும் என்பது அவர் நம்பிக்கை.) அவர் "ஸ்டொப்" என்று சொன்னபோது அது தண்ணீர் ஓடும் வடிகானுக்குள் இருந்தது.

"இது திட்டமிட்டதா?" என்று பேராசிரியை ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஆமாம். ஆபத்தை உணர்ந்து விலகும் புதிய முறை," என்றேன்.

"என்ன ஆபத்து?"

முற்றத்தில் அப்பாவைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அப்பா ரோபோவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்போதுதான் பார்த்தேன். நெற்றியில், சரியாகக் கண்ணின் மேல், கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம். நடுவில் குங்குமம்.

"அப்பா, அதுதான் அதோட கண்ணு. முன்னால எப்பவும் பலகை இருக்குன்னு நெனச்சிருக்கு."

"நெத்தின்னு நெனச்சேன் புள்ள," என்றார். முகம் சுருங்கிவிட்டது.

பிறகு மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டு, ஈரக் கையோடு கமராவின் முன்னால் வந்து நின்றார்.

"மேடம், ரோபோ குட். டோட்டர் குட். மிஸ்டேக், மைன்."

பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில்கூடப் பின்வரிசையில் உட்கார்ந்து வாய் திறக்காத மனிதர் அவர். எனக்கு அழுகை வந்தது. சரளமாக ஆங்கிலம் பேசத் தெரிந்த நான் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறேன். கையளவு ஆங்கிலம் தெரிந்த அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். அன்றைக்குப்போல் அப்பாவை நான் வியந்து பார்த்ததே இல்லை.

பேராசிரியை விளக்கம் கேட்டார். இந்த முறை நானும் உண்மையைச் சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார். "துடைத்துவிட்டு மறுபடியும் ஓட்டுங்கள்," என்றார். அப்பா சாரத்தின் நுனியால் துடைத்து, மறுபடியும் பிஞ்சுகளின் முன்னால் வைத்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட ரோபோ பிஞ்சுகளை நசுக்கிக்கொண்டு முன்னே போனது. மிச்ச மிளகை ஒழுங்காகக் கிளறியது. "நான் சொல்லல?" என்று அப்பா அம்மாவைப் பார்த்தார்.

இடம் கிடைத்தது. பேராசிரியை எனக்குக் கொடுத்த வேலை: கண் மறைக்கப்பட்டால் அதை ரோபோவே கண்டுபிடிக்க வேண்டும். "வயலில் சேறு படும். சில வீடுகளில் பொட்டும் வைப்பார்கள்," என்றார். கோடை முழுவதும் அங்கே விதவிதமான ரோபோக்களின் கண்களில் களிமண் பூசிக்கொண்டிருந்தேன். அப்பா ஒரே நாளில் செய்த வேலைதான்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது பொருளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு தேடினால், "பொட்டத் தொடச்சிட்டுப் பாரு," என்பார்கள். போன மாதம் புது ரைஸ் குக்கர் வாங்கினோம். சக்கரம் இல்லாவிட்டாலும் அப்பா சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"புள்ள, இதுக்குக் கண்ணு எங்க இருக்கு?"

"ரைஸ் குக்கருக்குக் கண்ணு இல்லப்பா."

"நல்லாப் பாத்துச் சொல்லு. போன தடவையும் நீ சொல்லாம உட்டதாலதான்."