சர்பத்து அண்ணன் கொடுத்த மரியாதை

திருவண்ணாமலையில் தெரியாத முகம் எதைப் பார்த்தாலும் பக்தர் என்று முடிவுகட்டிவிடுவதில் சர்பத்து அண்ணனைப் போல் இன்னொருவர் பிறக்கவில்லை. புதிதாக மாறிவந்த தபால்காரர் கடிதத்தை நீட்டியபோதே, "தரிசனம் நல்லா ஆச்சுங்களா?" என்று கேட்டவர் அவர்.

கோயில் பக்கத்துச் சந்தில் ஒரு கூல் பார் வைத்திருந்தார். கூல் பார் என்றால் ரோஸ் மில்க், சோடா, நன்னாரி சர்பத் விற்கிற கடை, பிள்ளைகளே. வேறு எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அம்மாவும் இதைப் படிப்பாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து ஓர் உரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ரூமில் தனி ஆள். பேச்சுத்துணைக்குப் பல்லிதான். சாயங்காலமானால் அந்தக் கூல் பார் பெஞ்சில் நாலு பேர் சிரிப்பது தெருமுனை வரை கேட்கும். அந்தச் சிரிப்புக்கு ஆசைப்பட்டுத்தான் உள்ளே போனேன்.

நுழைந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"வாங்க சாமி, உக்காருங்க" என்று வாசலோரம் தனி ஸ்டூலைக் காட்டினார் அண்ணன். "எந்த ஊருங்க?"

"நான் இங்கதாங்க, உரக்கடையில வேலை. பின்னாடி தெருவுல ரூம்ல தனியா..."

"சந்தோஷங்க. பஸ் ஸ்டாண்டுக்கு நேராப் போயிடுங்க."

பெஞ்சுக்காரர்களிடம் பேச்சே வேறு. "யோவ், கிளாஸை அங்க வெக்காதன்னு எத்தினி தடவ சொல்றது? மாடாய்யா நீ?" திட்டு வாங்கியவர் மாலை வாங்கியதுபோல் இளிப்பார்.

மறுநாள் உள்ளூர்க்காரனாகத் தெரியட்டும் என்று லுங்கி கட்டிக்கொண்டு போனேன். "லாட்ஜுல தண்ணி வரலீங்களா?" என்றார். பையோடு போனால், "ஊருக்குக் கெளம்பிட்டீங்களா?" செருப்பு அறுந்து வெறுங்காலோடு போன அன்று, "கிரிவலம் முடிச்சிட்டீங்க! கால்வலி ஜாஸ்திங்களா?" என்று ஸ்டூலைத் துடைத்தே போட்டார்.

ஒரு மாதம் இப்படி. இனி முடியாது, வேலையை விட்டு ஊருக்கே போய்விடலாம் என்று முதலாளியிடம் அரைகுறையாகச் சொல்லியும் விட்டேன். அந்த வாரம் நல்ல இருமல் வேறு. கடைசியாக ஒருமுறை குடித்துவிட்டுப் போவோம் என்று கடைக்குப் போய், "ஒரு ரோஸ் மில்க்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

அண்ணன் கரண்டியை வீசாத குறையாக வைத்தார்.

"யோவ்! அறிவிருக்கா உனக்கு? மூணு நாளா பாக்குறேன், லொக்கு லொக்குனு இருமுற. ரோஸ் மில்க் கேக்குதா? படுத்துட்டா ரூம்ல யாருய்யா உனக்குக் கஞ்சி வெக்கிறது?"

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாருமில்லை. என்னைத்தான்!

"என்னா முழிக்கிற? போய் பெஞ்சுல உக்காரு. யோவ், தள்ளுங்கய்யா, அவனுக்கு எடம் வுடுங்க!"

நாலு பேரும் நகர்ந்தார்கள். அதிலிருந்த ஆட்டோக்காரர், "திட்டிட்டாரா? வுடுப்பா, நான் தெனமும் வாங்குறேன்" என்று தோளில் தட்டினார். அண்ணன் விடுவிடுவென்று எதிர் டீக்கடைக்குப் போனார். அந்தக் கடைக்காரரோடு அவருக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. ஆனாலும் போய் சுக்குக் காப்பி வாங்கிவந்து, என் முன்னால் ணங்கென்று வைத்தார்.

"சூடா குடிச்சித் தொல."

மறுநாள் முதலாளியிடம், "ஊருக்குப் போகலீங்க" என்றேன்.

அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். கடையை மூடுகிற வரைக்கும் ஒருநாள்கூட அவர் எனக்கு மரியாதை கொடுத்ததில்லை. அத்தனை நல்ல மனுஷர்.