ராமலட்சுமி அக்காவின் டிரம்மைக் கவிழ்த்த நாள்

கோபம் வந்தால் எனக்குக் கண் தெரியாது. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. சண்டைக்குக் கிளம்பும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது என் வழக்கம். (பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக நடந்த ஒரு தகராறில் கண்ணாடி நொறுங்கியபின் வந்த ஞானம்.) அந்த ஞானம்தான் என்னைச் சந்தி சிரிக்க வைத்தது.

அப்போது என் மகள் மீனாவுக்கு எட்டு வயது. டெங்கு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, குச்சியாகத் திரும்பி வந்திருந்தாள். "இன்னொரு தடவை வந்தால் இதைவிட மோசமாகலாம், கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். என் வீட்டில் தூசி தும்பு கிடையாது. நூல் கடை வைத்திருக்கும் நான், ஒரு பிசிறைக்கூட நடைக்குள் விடமாட்டேன். அப்படிப்பட்டவன் பிள்ளைக்கு டெங்குவா? ஊரார் செய்கிற அசிங்கத்துக்கு என் பிள்ளை ஏன் ஊசி குத்திக்கொள்ள வேண்டும்?

குற்றவாளி எதிரிலேயே நின்றது. எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வாரம் ஒரு நாள்தான். அதனால் வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு நீல டிரம் இருக்கும். எல்லோரும் மூடி வைப்பார்கள். எதிர்வீட்டு ராமலட்சுமி அக்காவின் டிரம் மட்டும் எந்நேரமும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அக்கா தறி ஓட்டிப் பிழைக்கிறவர், தனி ஆள். அன்று பட்டா விஷயமாகத் திருச்சுழி தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தார். நான் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தேன். கறுப்பாக, பொடிப்பொடியாக என்னவோ நெளிந்தது.

"எல்லாரும் வந்து பாருங்கய்யா! டெங்கு ஃபேக்டரி நடத்துறாக!" என்று கத்தினேன். தறிச் சத்தத்தையும் மீறித் தெரு கூடிவிட்டது. அடுத்த வீட்டு மாரிமுத்து என் கையைப் பிடித்தார்.

"அண்ணாச்சி, அக்கா வரட்டும். நேத்துத்தான் தண்ணி பிடிச்சாக. இனி ஒரு வாரம் ஆகும்லா?"

"அதுக்குள்ள எம் புள்ளைக்குத் திரும்பக் காச்சல் வந்தா நீரா பாப்பீரு?" என்று உதறிவிட்டு, முழு பலத்தோடு டிரம்மைக் கவிழ்த்தேன்.

மழைக்கு வானத்தைப் பார்க்கிற ஊரில் நல்ல தண்ணீரைத் தெருவில் கொட்டுவது சாதாரண காரியமல்ல. கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை. அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டு, சுகாதாரம் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். பிரசங்கம் முடியும் முன்பே ராமலட்சுமி அக்கா மஞ்சப்பையோடு வந்து நின்றார். அவர் பின்னாலேயே, வீடு வீடாகக் கொசுப்புழு தேடும் சுகாதாரப் பணியாளர் பாண்டியம்மாளும் டார்ச் லைட்டோடு வந்துவிட்டார்.

"ஏந் தம்பி, ஏந் தண்ணியவா கொட்டுனீக?" அக்கா டிரம்மை நிமிர்த்தப் போனார்.

"புழு, அக்கா! அம்புட்டும் புழு!"

பாண்டியம்மாள் குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "அண்ணே, இது மீனு. கொசுப்புழுவத் திங்கிறதுக்கு நாந்தான் ரெண்டு மாசத்துக்கு முன்னாடி விட்டேன். மூட வேணாம்னு சொன்னதும் நாந்தான்."

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். ஈர மண்ணில் விரல் நகமளவு மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். விடுவேனா?

"அப்ப எம் புள்ளைக்கு எங்க இருந்து வந்துச்சு?"

"உங்க வீட்டத்தான் நான் பாத்ததே இல்லையே! மூணு தடவ வந்தேன். 'எங்க வீடு சுத்தம்'னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டீக."

அடுத்த நிமிடம் அவர் என் வீட்டுக்குள் இருந்தார். பின்னால் தெருவே இருந்தது. நேராக ஃபிரிட்ஜின் பின்பக்கம் போய், கீழே தண்ணீர் சொட்டிச் சேரும் தட்டை வெளியே இழுத்தார். (அங்கே ஒரு தட்டு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.) டார்ச் வெளிச்சத்தில் புழுக்கள் குதித்துக் குதித்து நெளிந்தன. இந்த முறை சந்தேகத்துக்கே இடமில்லை.

மீனா கட்டிலில் உட்கார்ந்தபடி அந்தத் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். தெரு சிரித்தது எனக்கு உறைக்கவில்லை. பிள்ளை படுத்திருந்த இடத்துக்கு நாலடி தூரத்தில் நானே கொசு வளர்த்திருக்கிறேன் என்பதுதான் சுட்டது. மூன்று தடவை வந்த மனுஷியை வாசலோடு விரட்டிய திமிருக்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அன்றே எங்கள் டிரம் தண்ணீர் முழுவதையும் குடம் குடமாக அக்கா வீட்டுக்குச் சுமந்தேன். அந்த வாரம் முழுக்கக் காக்காக் குளியல்தான். "நல்லா கொட்டுனீக" என்று என் மனைவி செல்வி ஒவ்வொரு சொம்புக்கும் ஒரு தடவை சொன்னாள். பாண்டியம்மாளுக்கு இப்போது எங்கள் வீட்டில் காபி நிச்சயம்.

இதெல்லாம் நடந்து நாலு வருஷமாகிறது. இன்றைக்கும் சாக்கடை அடைப்பைப் பார்த்து நான் குரலை உயர்த்தினால், "மொதல்ல ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி பாத்துட்டு வாங்க" என்று செல்வி உள்ளேயிருந்து சொல்வாள். போன மாதம் ராமலட்சுமி அக்கா ஒரு விசேஷத்துக்காகப் பந்தல்குடி கிளம்பினார். வீட்டுச் சாவியை எங்களிடம் கொடுக்க வந்தவர், நீட்டிய என் கையைத் தாண்டி மீனாவிடம் கொடுத்தார்.

"பாப்பா, சாயங்காலம் வந்துருவேன். அதுவரைக்கும் அப்பாவ டிரம்மு பக்கம் விட்றாத."

"சரி பெரியம்மா" என்று அவள் எதிர்வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மதியச் சாப்பாட்டைக்கூட அங்கேயே கொண்டுவரச் சொல்லிவிட்டாள்.