லெச்சுமியின் தொண்டையும் மப்ளர் அண்ணனும்

மனிதனுக்கு வருகிற எல்லா நோயும் தொண்டை வழியாகத்தான் நுழைகிறது என்று நம்புகிறவர் இந்த உலகத்திலேயே எங்கள் மப்ளர் அண்ணன் ஒருவர்தான். கால் சுளுக்கிக்கொண்டு போய் நின்றாலும் "தொண்டையக் காட்டுங்க" என்பார். நுவரெலியா ஏரிக்கரையில் குதிரைச் சவாரி விடுகிறவர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். கழுத்தில் எப்போதும் இரண்டு மப்ளர், மழை பெய்தால் மூன்று. எங்கள் ஊரில் பெரும்பாலும் மூன்றுதான்.

அவருடைய குதிரைக் கொட்டிலுக்கு அடுத்த வீட்டில் நான் வாடகைக்கு இருக்கிறேன். காலையில் பல் துலக்க வெளியே வந்தால் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "ஆ சொல்லுங்க தம்பி" என்று குரல் வரும். வாய் நிறைய நுரையோடு ஆ சொல்ல வேண்டும். "கொஞ்சம் செவப்பா இருக்கு. ஐஸ் தண்ணி குடிக்காதீங்க." இந்த ஊரில் குழாயைத் திறந்தாலே ஐஸ் தண்ணீர்தானே வருகிறது!

குதிரையின் பெயர் லெச்சுமி. ரேசில் ஓடி, பெரும்பாலும் கடைசியாக வந்து, ஓய்வு பெற்று இவரிடம் சேர்ந்தவள். மனிதருக்கு வேறு குடும்பம் கிடையாது. ஒரு மழைக்காலத்தில் லெச்சுமி ஓடும்போது மட்டும் மூச்சில் 'ஹுர்ர்' என்று ஒரு சத்தம் கிளம்பியது. நின்றால் சத்தமும் நின்றுவிடும்.

"பாத்தீங்களா, தொண்டை!" என்றார் அண்ணன். பயந்தாரா, பெருமைப்பட்டாரா என்று தெரியவில்லை. வைத்தியம் தொடங்கியது. வாளி நிறையக் கொத்தமல்லித் தண்ணீர், இஞ்சி போட்டு. காலையும் மாலையும் ஆவி. அந்தக் கழுத்துக்கு மப்ளர் பற்றாததால் சிவப்புக் கோடு போட்ட பெட்ஷீட். வெள்ளைக்காரர்கள் ஏரியை விட்டுவிட்டு லெச்சுமியைப் படம் எடுத்தார்கள்.

நோய் அசையவில்லை. ஒரு நாள் மேட்டில் ஏறும்போது லெச்சுமி பாதியில் நின்று, கழுத்தை நீட்டி மூச்சுக்குத் திணறினாள். மறுநாள் காலை வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் என்னை ஆ சொல்லச் சொல்லவில்லை. எனக்குப் பயமாகப் போய்விட்டது. ரேஸ் குதிரைகளைப் பார்க்க வந்திருந்த மிருக வைத்தியருக்கு நானே போன் பண்ணினேன்.

வந்தவர் ஹட்டன் பக்கத்து இளம் பெண். "நிக்கிறப்ப ஒன்னும் கேக்கலையே அண்ணே. ஓட்டிக் காட்டுங்க."

அங்கேதான் சிக்கல். லெச்சுமி தானாக ஓட மாட்டாள். அண்ணன் முன்னால் ஓடினால்தான் பின்னால் ஓடுவாள். ஆகவே மைதானத்தில் மப்ளர்கள் பறக்க அண்ணன் ஓடினார், லெச்சுமி துரத்தினாள், வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். ஒரு சுற்று முடிந்ததும் அண்ணன் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, ரெண்டு சத்தம் கேக்குது. இதுல எது லெச்சுமி, எது நீங்க?"

"கனமா... கேக்குறது... அவளோடது டொக்டரம்மா. கீச்சுன்னு... கேக்குறது... என்னோடது."

டொக்டர் என்னை ஓடச் சொன்னார். லெச்சுமி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புல் மேயப் போனாள். அண்ணன் எழுந்தார். இந்த முறை டொக்டருக்கு முன்னால் வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினார். முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனால் சத்தம் தெளிவாகக் கேட்டது.

அடுத்து, மூக்கு வழியாக விடுகிற கெமரா குழாய். அதைக் கண்டதும் அண்ணன் குறுக்கே நின்றார்.

"மொதல்ல எனக்கு விட்டுப் பாருங்க. வலிக்குமான்னு தெரியணும்."

"ஒங்க மூக்கு தாங்காதுண்ணே, தள்ளுங்க."

சின்னத் திரையில் தெரிந்தது. மூச்சுக்குழாய் வாசலில் இரண்டு கதவு போலக் குருத்தெலும்பு. ஒன்று நன்றாகத் திறந்தது. மற்றது வீங்கி, புண்ணாகி, அசையாமல் கிடந்தது.

"இது சளி இல்லண்ணே. இந்தக் குருத்தெலும்புல நோய். இன்னும் வீங்கினா மூச்சே அடைச்சிரும்."

"பொழச்சிக்குவாளா?"

"ஊசி போடுவோம். வீக்கத்துக்கு மருந்து இருக்கு. குழாய் வழியா தொண்டையில மருந்து அடிக்கணும். முழு ஓய்வு. தூசி ஆகாது, புல்ல நனைச்சுத்தான் போடணும். கேக்கலைன்னா ஆபரேஷன் பண்ணி அந்தத் துண்ட எடுக்கணும்."

அதன்பிறகு அண்ணன் கொட்டிலை விட்டு நகரவில்லை. பெட்ஷீட்டை அவிழ்த்தார், ஆவி வாளியைக் கவிழ்த்தார். புல்லைப் பிடி பிடியாக நனைத்து ஊட்டினார். நான் சோறு கொண்டுபோய்க் கொடுத்தால், "அவ சாப்பிட்டாளான்னு கேளுங்க தம்பி, என்னைய விடுங்க" என்று எரிந்து விழுந்தார்.

டொக்டர் மறுபடி வந்து கெமராவை விட்டுப் பார்த்தார். வீக்கம் வடிந்திருந்தது. அந்தக் கதவு அசைந்தது, ஆனால் முழுதாகத் திறக்கவில்லை.

"உசுருக்குப் பயமில்லண்ணே. ஆபரேஷனும் வேணாம். ஆனா இனிமே ஓட விடக்கூடாது. நடக்கலாம்."

அண்ணன் எல்லார் முன்னாலும் அழுதார். "ஓட வேணாம் டொக்டரம்மா. இத்தனை காலம் ஓடி என்னத்தக் கிழிச்சா? கடைசியாத்தானே வந்தா!"

இப்போது ஏரிக்கரையில் யாராவது குதிரை ஓடுமா என்று கேட்டால், வேறு ஆளைக் கைகாட்டி அனுப்பிவிடுகிறார். குழந்தைகளை மட்டும் ஏற்றி நடத்துகிறார். போன ஞாயிறு மாலை வீடு திரும்பும்போது நானும் அவர்களோடு நடந்தேன். சின்ன மேடு ஒன்று வந்ததும் அண்ணன் நின்று, அவள் கழுத்தில் காதை வைத்துக் கேட்டார். லெச்சுமி சீராகத்தான் மூச்சு விட்டாள். மேடேறியதில் இரைத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். இந்த மனிதருடைய மூச்சை யார் கேட்பது? அவர் போகலாம் என்று சொல்லும்வரை, பக்கத்தில் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.