பஞ்சு கொடுத்த எச்சரிக்கை

"வெள்ளமா? எந்த ஊர்லேங்கறா?" கிங்ஸ் சர்க்கிள் ஹோட்டலில் பாதித் தோசையோடு எழுந்து நின்று கத்தினான் பஞ்சு.

கல்லாவில் இருந்த நாணு ரேடியோவைக் காட்டினான். "அம்பர்நாத் பக்கத்துக் கிராமமெல்லாம். இடி, பேய்மழை, ஆத்துல வெள்ளம் வரப்போறதாம். உமக்கென்ன ஓய்?"

அங்கே ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில்தான் தங்கை ருக்கு புதுக்குடித்தனம் வைத்திருந்தாள். பஞ்சு கையைக்கூடக் கழுவாமல் ரயிலுக்கு ஓடினான். பம்பாய்க்கு அவனும் புதிது. இந்தியில் கத்தரிக்காய் வாங்கத் தெரியும், அவ்வளவுதான். எதிரே இருந்த தமிழரிடம் வெள்ளத்துக்கு இந்தியில் என்ன என்று கேட்டு, ரயில் இரைச்சலில் காதில் விழுந்ததை வழியெல்லாம் உருப்போட்டுக்கொண்டே போனான்.

கிராமத்தில் வெயில் கொளுத்தியது.

"கெளம்பு ருக்கு! வெள்ளம் வரது!"

"இந்த வெயில்லயா? மோர் தரேன், குடிச்சுட்டுப் படு. அவர் ஃபாக்டரிலேர்ந்து வந்தா சிரிப்பார்."

இவளிடம் பேசிப் பயனில்லை. பஞ்சு தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினான்.

"பாக் ஆயா! பாக் ஆயா!"

ஊரே அலறியது. ஆனால் மேட்டுக்கு ஓட வேண்டிய ஜனங்கள் வீட்டுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். ஆடுகளையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள்!

"ஐயோ, உள்ளேயே முழுகிப் போயிடுவேளே!"

கதவு கதவாகத் தட்டினான். தட்டத் தட்ட, உள்ளே கதவுக்கு முட்டுக் கொடுக்கும் சத்தம்தான் கேட்டது. தெரிந்த இந்தியையெல்லாம் திரட்டி, "பாக் கர் மே ஆயா!" என்று தொண்டை கிழியக் கத்தினான். வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது என்று அர்த்தம்.

கதவுகள் படீர் படீரென்று திறந்தன. கம்பும் அரிவாளும் தீப்பந்தமுமாக ஊர் மொத்தமும் கோயில் மேட்டில் ஏறியது. தலையில் அடித்துக்கொண்டு ருக்குவும் ஏறினாள்.

மேட்டில் நின்றவர்கள் ஆற்றைப் பார்க்கவில்லை, காட்டையே பார்த்தார்கள். நேரமாக ஆக முணுமுணுப்பு எழுந்தது. கம்போடு இரண்டு பேர் பஞ்சுவை நெருங்கினார்கள்.

"அண்ணா, மானம் போறது. ஓடிடு!" என்றாள் ருக்கு.

அப்போது இடித்தது பாருங்கள், ஓர் இடி! வானம் கறுத்துக் கொட்டித் தீர்த்தது. ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்து வீடுகளைக் காகிதமாகச் சுருட்டிக்கொண்டு போனது. ஓர் உயிர், ஓர் ஆட்டுக்குட்டிகூடச் சேதமில்லை!

மழை விட்டதும் பஞ்சுவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். கோயில் சாமந்தி மாலை அவன் கழுத்துக்கு வந்தது. ஆபீஸில் அவன் பேச்சை ஒருவரும் காதில் வாங்கியதில்லை. இங்கே ஓர் ஊரே வாங்கியிருக்கிறது! அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஊர்ப் பெரியவர் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, மிரட்சியோடு காட்டைப் பார்த்தபடி ஏதோ கேட்டார். அந்த ஊரிலேயே குடியிருந்த திருநெல்வேலிக்காரி சுலைகா அதைத் தமிழில் சொன்னாள்:

"அண்ணாச்சி, 'பாக் வந்துட்டு, பாக் வந்துட்டு'ன்னு கத்துனீயள்லா, 'அந்தப் புலியும் வெள்ளத்துல போயிட்டா?'ன்னு கேக்காவ!"