பெட்டிக்குள் பழைய லிபி

சேர்ப்புளச்சேரி,
கர்க்கடகம் 28

தங்கை மகள் சௌபாக்கியவதி லேகாவுக்கு அம்மாமன் வேலாயுதன் எழுதுவது.

இங்கு மழையும் உன் மாமியின் மூட்டுவலியும் அளவோடு இருக்கின்றன. பெங்களூரில் நீங்களும் நலம் என்று நினைக்கிறேன். தவறாக நினைத்திருந்தால் பொறுத்துக்கொள்.

வாசகசாலைக்கு நீ அமைத்துத் தந்த இணையதளத்தில் ஒரு கோளாறு. செய்தவன் நான்தான். பக்கம் முழுக்கப் பழைய மலையாள லிபி, உகரம் எழுத்தோடு ஒட்டிக்கொண்டு கண்ணுக்கு நிறைவாக இருந்தது. பெயர் எழுதும் பெட்டிகளில் மட்டும் புது லிபி, உகரம் கழன்று தனியே நின்றது. பக்கத்துக்குச் சொன்ன எழுத்துரு பெட்டியைக் கட்டுப்படுத்தாது, அதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும் என்றாய். கல்யாணத்துக்கு வீட்டோடு அழைத்தாலும் மாப்பிள்ளையைத் தனியே அழைப்பது போல என்று புரிந்துகொண்டு, நோட்டில் எழுதி, மூன்று முறை சரிபார்த்துத் தனியாகச் சொன்னேன். சொன்ன எழுத்துருதான் பிசகு. நம் ஆண்டுமலரை அச்சிட்ட பழைய எழுத்துரு அது. ஆங்கில எழுத்துகளுக்கே மலையாள முகமூடி போட்டுக் காட்டுவது. அந்த விசைகளில் பழகிய எனக்கு எல்லாம் அழகாகவே தெரிந்தது. வாசகசாலைக் கமிட்டி கூடியபோது தலைவர் சங்குண்ணி நாயர் தன் பெயரை ஆங்கிலத்தில் அடித்தார். "எடோ மாஷே! என் பேரை அடிச்சா கஷாயம்னு வருது! நான் என்ன வைத்தியசாலையா நடத்தறேன்?" கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். கஷாயம்தான், எழுத்துப்பிழைகூட இல்லை. பொருளாளர் அன்னம்மா டீச்சர், "உங்களுக்காவது கஷாயம். எனக்கு ஙஞங்னு தும்மல் மாதிரி வருது" என்றார். எல்லாரும் சிரிக்க, தலைவருக்கு இன்னும் ஏறிவிட்டது. "ஞாயித்துக்கிழமை பொதுக்கூட்டம். இந்த மனுஷனை நம்பி எப்படித் தளத்தை விடறது?" வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பதினாறு வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பொறுப்பு அது. இருந்தாலும் துரத்துமுன் நானே போவதுதான் மரியாதை என்று, நேற்று என் ராஜினாமாவைத் தளத்தின் பெட்டியிலேயே அடித்துத் தலைவருக்கு அனுப்பிவிட்டேன். ஒரு உகரம்கூடப் பிரியவில்லை, என்ன அழகு!

ஆகவே இனி தளத்தின் பொறுப்பை நீயே ஏற்றுக்கொள். குருவாயூரப்பன் உனக்கு என்னைவிட நல்ல கைராசி தரட்டும்.

அன்புடன்,
அம்மாமன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் சங்குண்ணி நாயர் வந்தார். ராஜினாமா அவரிடம் வெறும் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. "மாஷே, நீங்க அனுப்பின புரோகிராம் கிடைச்சுது. ஒரு வரி புரியல. அப்பதான் எனக்கு நம்பிக்கையே வந்துது, ஆளு விஷயம் தெரிஞ்சவர்தான்னு! அடுத்த வருஷமும் நீங்களே பாத்துக்கணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மறுக்கத் தைரியம் இல்லை. பெட்டிகளை மட்டும் நீ அங்கிருந்தே சரிசெய்துவிடு. அந்த ஒரு கடிதம் மட்டும் மலையாளமாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்.